பஞ்சாங்கமும் தைத் திருநாளும்

தை பிறந்தால் உத்தராயணம் பிறந்தது என்பது நம் நாட்டில் வழிவழியாக வரும் கூற்று. கதிரவன் தென்திசைச் செலவை முடித்து வடக்கு நோக்கித் திரும்பும் நாளே மகர சங்கராந்தி என்பர். ஆனால் வானத்தை நோக்குவோர் காண்பது வேறு. கதிரவன் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22-ஆம் நாளில். நாம் பொங்கலிடுவதோ ஜனவரி 14 அல்லது 15-ஆம் நாளில். இடையே மூன்று வாரத்திற்கு மேற்பட்ட வேறுபாடு உள்ளது. இஃது எவ்வாறு நேர்ந்தது? பஞ்சாங்கம் பிழைபட்டதா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

நம் முன்னோர் விண்மீன்களை எல்லைக் கற்களாகக் கொண்டு, அவற்றிடையே கதிரவன் ஒரு சுற்று வரும் காலத்தை ஓர் ஆண்டு என்றனர். பருவங்களோ பூமியின் அச்சுச் சாய்வினால் விளைவன. அவ்வச்சு, சுழலும் பம்பரத்தின் தலைபோல மிக மெல்ல வட்டமிடுகிறது. அதனால் விண்மீன் ஆண்டு பருவ ஆண்டினும் ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. இருபது நிமிடம் சிறிதே. எனினும் 70 ஆண்டுகளுக்குச் சற்று மிகுந்த காலத்தில் அது ஒரு முழு நாளாகிவிடுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் ஒன்றாயிருந்த உத்தராயணமும் மகர சங்கராந்தியும் இவ்வாறே சிறிது சிறிதாகப் பிரிந்தன.

இவ்விலகலை நம் பண்டைய அறிஞர் அறியாதவர் அல்லர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், முற்காலத்தில் அவிட்டத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்த உத்தராயணம் தம் காலத்தில் மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்வதாகப் பிருகத் சம்ஹிதையில் எழுதினார். கதிரவன் எழும் இடத்தையும் மறையும் இடத்தையும் தொலைவிலுள்ள குறியொன்றோடு ஒப்பிட்டும், நட்ட கோலின் நிழலை நோக்கியும் உண்மையைத் தெளிக என்றும் அவர் வழி கூறினார்.

தமிழ்நாட்டுப் பஞ்சாங்கக் கணிதர் எண்களை எழுத்துக்களில் அமைத்து, வாக்கியங்களாக மனப்பாடம் செய்தனர். வாக்கியப் பஞ்சாங்கம் என்னும் பெயர் அதனால் வந்தது. 1825-இல் புதுச்சேரியில் ஒரு தமிழ்க் கணிதர், ஏடும் எழுத்தும் இன்றித் தரையில் சோழிகளைப் பரப்பியே சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். ஜான் வாரன் என்பவர் அதனைப் பதிவு செய்துள்ளார். கிரகணம் தொடங்கும் நேரம் 4 நிமிடமே பிழைத்தது. முடியும் நேரமோ 52 நிமிடம் பிழைத்தது. மனனத்தின் ஆற்றலையும், வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்பெறாத கணக்கின் குறையையும் இந்நிகழ்ச்சி ஒருங்கே காட்டுகிறது அன்றோ?

அக்குறையை நீக்க முனைந்தவருள் ஒருவர் சென்னை வானாய்வுக் கூடத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார். 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவர், கண்கூடான நோக்கோடு பொருந்தும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். பழமையில் ஊன்றியோர் அதனை எளிதில் ஏற்கவில்லை. வாக்கியம், திருக்கணிதம் ஆகிய இரண்டும் இன்றளவும் வழங்கி வருகின்றன.

விடுதலைக்குப் பின், மேகநாத சாகாவின் தலைமையில் 1952-இல் அமைந்த குழு, 1955-இல் தன் அறிக்கையை அளித்தது. அதன்படி, பருவ ஆண்டைத் தழுவிய தேசிய நாட்காட்டி 1957 மார்ச் 22-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பண்டிகைகள் பருவத்தினின்று மேலும் விலகாதிருக்கவும் அக்குழு வழி கூறிற்று. எனினும் தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் விண்மீன் ஆண்டையே தொடர்கின்றன.

பொங்கலை டிசம்பருக்கு மாற்ற எவரும் விழையார். மார்கழி வைகறையில் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப்பூவை நட்டு வைப்பதும், போகியன்று பழையன கழிப்பதும், மஞ்சட்கொத்துக் கட்டிய பானையில் புத்தரிசி பொங்குவதும், மறுநாள் மாடுகளை நீராட்டி அணிசெய்வதும் உழவர் வாழ்விலிருந்து எழுந்தவை. சம்பா நெல் வீடு வரும் காலமே அவற்றிற்கு உயிர். ஆனால் அறுவடை பருவத்தைச் சார்ந்தது. பஞ்சாங்கமோ விண்மீனைச் சார்ந்தது. இன்னும் 1,000 ஆண்டு கழியின் பொங்கல் ஜனவரி இறுதிக்குச் சென்றுவிடும். விழாவைக் கழனியோடு நிறுத்துவதா, விண்மீனோடு செல்ல விடுவதா என்னும் வினா வருங்காலத்தவர்க்கு எழாமற் போகாது.

அதற்கு விடை காண விரும்பும் மாணவர் முதலில் வானத்தை நோக்கப் பழகுதல் வேண்டும். மார்கழியில் பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நட்டு, நாள்தோறும் நண்பகல் நிழலை அளந்து வாருங்கள். நிழல் மிக நீண்டு, பின்னர்க் குறையத் தொடங்கும் நாள் எதுவெனக் குறித்துக்கொள்ளுங்கள். வராகமிகிரர் காட்டிய வழி அதுவே.