முல்லைத்தீவுக் கடற்கரை: வந்தவர்கள் கண்டதும் காணாததும்

பிரான்சின் நீஸ் நகரக் கடற்கரையில் 'ஆங்கிலேயர் உலாச்சாலை' என்றொரு வீதி உண்டு. குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பணம் கொடுத்து அமைத்த பாதை அது. அழகில் நமது முல்லைத்தீவுக் கரையும் குறைந்ததன்று. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் நந்திக்கடல், இடையே பனையும் மணலும். ஆயினும் இங்கு வந்தவர்களின் கதை வேறு.

இக்கரையின் பழைய பயணிகள் யாத்திரிகர்களே. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன், சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் ஆலயத்தில் அந்த உப்புநீரில் விளக்கேற்றுவது மரபு. அவர்களுக்குக் கடல் காட்சிப் பொருளன்று. வழிபாட்டின் ஒரு பகுதி.

அடுத்து வந்தவர்கள் ஐரோப்பியர். ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறிய முல்லைத்தீவுக் கோட்டையை 1803 ஆகஸ்டில் பண்டாரவன்னியன் கைப்பற்றினான். அதே ஆண்டு அக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் டிறிபேக்கின் படை அவனைத் தோற்கடித்தது. அதை அறிவிக்கும் கல்லொன்றும் அங்கு நடப்பட்டது. 1895இல் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்ட ஜே. பி. லூயிஸ் சிவில் சேவை அதிகாரி. ஆட்சிக்கு வேண்டிய தகவல்களைத் திரட்டுவதே அவர் பணி.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தபோது புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளுடன் வந்தார்கள். பல சிறுவர்களுக்கு அதுவே ஊரின் கடலைக் கண்ட முதல் நாள். 2004 டிசம்பர் 26இல் அதே கடல் ஊருக்குள் புகுந்தது. முல்லைத்தீவு நகரின் கரையோரம் ஏறக்குறைய முழுதாக அழிந்தது.

2006 டிசம்பரில் விரும்பாமல் வந்த பயணியொன்று கரைதட்டியது. இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியுடன் சென்ற ஜோர்தானியக் கப்பல் 'பரா 3' அது. அதன் மாலுமிகள் 25 பேரும் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் திரும்பினர். கப்பல் திரும்பவில்லை. 2009 மே மாதம் வரை அதன் எதிரே இருந்த மணற்றிட்டில் இலட்சக்கணக்கான மக்கள் பதுங்குகுழிகளில் ஒடுங்கிக் கிடந்தார்கள். அப்போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் குறிப்பிட்டது.

பின்னர் உல்லாசப் பயணிகள் வந்தார்கள். 2010இலேயே கிளிநொச்சியில் சாய்ந்து கிடந்த நீர்த்தாங்கியின் முன் பேருந்துகள் நின்றன. அவ்வேளையில் வன்னி மக்கள் பலர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அந்த முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது. பிறகு 'பரா 3' கப்பலின் துருவேறிய கூடும் படம் பிடிக்கும் இடமாயிற்று. நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் விடுமுறை விடுதி நடத்தியது. சொந்தக்காரன் வீடு திரும்புமுன் விருந்தாளி வந்து முற்றத்தைச் சுற்றிப் பார்த்த கதை இது.

போர் நடந்த கடற்கரைக்குப் பயணிகள் செல்வது தவறென்று நான் சொல்லவில்லை. 1944இல் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நோர்மண்டிக்கும் ஆண்டுதோறும் மக்கள் செல்கிறார்கள். அங்கே ஒமாகா கரைக்கு மேலுள்ள அமெரிக்க மயானத்தில் 9,000க்கும் மேற்பட்ட கல்லறைகள் உள்ளன. பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. பார்க்க வருபவன் பெயரை வாசித்துவிட்டே கடலைப் பார்க்கிறான். முள்ளிவாய்க்காலில் பெயர்கள் இன்னும் உறவினரின் நெஞ்சில்தான் இருக்கின்றன. பலருக்கு, தம்மவர் இறந்தாரா இருக்கிறாரா என்ற பதிலே கிடைக்கவில்லை. முல்லைத்தீவில் 2017இலிருந்து வீதியோரம் அமர்ந்து கேட்கும் தாய்மார் அதைத்தான் கேட்கிறார்கள்.

விடுமுறையில் அங்கு செல்லும் நண்பர்கள் கடலில் கால் நனைக்கட்டும். திரும்புமுன் கரைவலை இழுப்பவரிடமோ அந்தத் தாய்மாரிடமோ சற்று நேரம் அமர்ந்து, அவர்கள் சொல்லும் பெயர்களைக் கேட்டுவிட்டு வரட்டும்.