தோடம்பழக் குவியலும் நானூறு ஆண்டுகால நிரூபணமும்

மாத்தளை நகரில் பழக்கடை வைத்திருக்கும் நானாமார் தோடம்பழங்களை அடுக்கும் விதத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கீழ்வரிசைப் பழங்களுக்கிடையே விழும் பள்ளத்தில் மேல்வரிசைப் பழத்தை வைப்பார்கள். எந்தப் பாடசாலையிலும் கற்ற வித்தையல்ல அது. ஆயினும், இதைவிட நெருக்கமாக உருண்டைகளை அடுக்க முடியாது என்பதை நிரூபிக்கக் கணித உலகிற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் தேவைப்பட்டன.

குவியலிலுள்ள உருண்டைகளை எண்ணும் வழி பழைமையானது. கி.பி. 499இல் ஆரியபட்டர் அதற்குரிய சூத்திரத்தைத் தந்துவிட்டார். முக்கோண அடித்தளத்தில் ஐந்து அடுக்கு என்றால் 15, 10, 6, 3, 1 என மொத்தம் 35. நெருக்கம் பற்றிய கேள்வி பிற்பட்டது. அதற்கு யுத்தமே வழிவகுத்தது. 1803இல், முதலாம் கண்டி யுத்த காலத்தில், பிரித்தானியர் மாத்தளையில் அமைத்த மக்டோவல் கோட்டையின் வாயில் இன்றும் எஞ்சியுள்ளது. கோட்டைகளும் கப்பல்களும் பீரங்கிக் குண்டுகளை நம்பியிருந்த யுகம் அது. அந்த யுகத்தின் முற்பகுதியில், 1591 அளவில், குவித்து வைத்த குண்டுகளைக் கணக்கிடும் வழியைச் சேர் வோல்டர் ராலிக்காக ஆராய்ந்தார் தோமஸ் ஹேரியட். அவரோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்த கெப்லர், 1611இல் பனித்துகள் பற்றி எழுதிய சிறு நூலில், பள்ளத்தில் வைக்கும் அடுக்கே மிக நெருக்கமானது என்றார். நிரூபணம் தரவில்லை.

இதனை அளவுகளால் விளங்கிக்கொள்ளலாம். உருண்டைகளை ஒன்றின் தலைமேல் ஒன்றாக நேராக அடுக்கினால் இடத்தின் 52 வீதமே நிரம்பும். ஒழுங்கின்றிக் கொட்டிக் குலுக்கினால் சுமார் 64 வீதம். பள்ளத்தில் வைத்தால் 74 வீதம். ஒழுங்கான அடுக்குகளுக்குள் இதுவே உயர்ந்தது என 1831இல் காஸ் நிறுவினார். ஒழுங்கற்ற அடுக்குகளே சிக்கலாயின. ஒரு சிறு இடத்தை மட்டும் நோக்கினால் 74 வீதத்தை விஞ்சும் அமைப்புகள் உண்டு. அவற்றை எங்கும் பரப்ப முயன்றால் இடைவெளி விழுந்துவிடுகிறது.

எல்லையற்ற இந்தச் சாத்தியங்களை எண்ணிக்கைக்குட்பட்ட கணக்குகளாகக் குறைக்கலாம் என 1953இல் ஹங்கேரியரான லாஸ்லோ பேயெஸ் தோத் வழிகாட்டினார். அவ்வழியைப் பின்பற்றி, கணினியின் துணையுடன், 1998இல் நிரூபணத்தை முன்வைத்தார் அமெரிக்கரான தோமஸ் ஹேல்ஸ். அதனைப் பரிசீலித்த பன்னிருவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் லாஸ்லோவின் மகன் காபோர். பல ஆண்டுகள் உழைத்த பின், சரியென்பதில் தமக்கு 99 வீதம் நம்பிக்கை உண்டென்றும், கணினிக் கணக்குகள் அனைத்தையும் தம்மால் சரிபார்க்க இயலவில்லை என்றும் அக்குழு நேர்மையாகக் கூறியது. கட்டுரை 2005இல் வெளியானது.

வேறொருவராயின் அத்துடன் அமைதி கண்டிருப்பார். ஹேல்ஸோ எஞ்சிய ஒரு வீதத்திற்காக, ஒவ்வொரு தர்க்கப் படியையும் கணினியே சரிபார்க்கும் புதிய முயற்சியை 2003இலேயே ஆரம்பித்திருந்தார். வியட்நாமிய இளைஞர்கள் பலரும் அதில் இணைந்தனர். 2014இல் அது நிறைவுற்றது. முடிவு மாறவில்லை, சந்தேகம் நீங்கியது.

நமது ஊர்களின் வரலாற்றை எழுதப் புகும் நாம், “இது எல்லோரும் அறிந்ததுதானே” என்று சொல்லி எத்தனை செய்திகளை ஆதாரமின்றிக் கடந்து செல்கின்றோம்! அவற்றுட் பல உண்மையாகவே இருக்கலாம். கெப்லர் சொன்னதும் உண்மைதான். ஆனால், கேட்பவரிடம் அந்த ஒரு வீதச் சந்தேகம் இருக்கும்வரை, அதனைத் தீர்த்துவைக்கும் கடன் சொல்பவரையே சாரும்.