ஆளில்லாத இடம்: டெஸ்ட்டுக்கு யார், ஒருநாளுக்கு யார்?

1975 ஜூன் 7, லார்ட்ஸ். முதல் ஆடவர் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 4 விக்கெட் இழப்புக்கு 334 ரன் எடுத்திருந்தது. பதிலுக்கு ஆடிய இந்தியாவின் தொடக்க மட்டையாளர் சுனில் கவாஸ்கர் கடைசி ஓவர் வரை ஆட்டமிழக்கவில்லை. 174 பந்துகளைச் சந்தித்து அவர் எடுத்தது 36 ரன். இந்தியா 3 விக்கெட்டுக்கு 132.

அரை நூற்றாண்டாகக் கேலிக்கு ஆளான அந்த இன்னிங்ஸ் கவாஸ்கரைப் பற்றிச் சொல்வதைவிட அன்றைய தேர்வு முறையைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஆஃப் ஸ்பின்னர் வெங்கட்ராகவன் தலைமையில் இங்கிலாந்து போன அணி, சில மாற்றங்கள் நீங்கலாக, டெஸ்ட் அணியேதான். குறுகிய ஆட்டத்துக்குத் தனியாக ஆள் தேட வேண்டும் என்று அப்போது பெரும்பாலும் யாரும் நினைக்கவில்லை. 1971 ஜனவரி 5 அன்று மெல்போர்னில் நடந்த முதல் ஒருநாள் சர்வதேச ஆட்டமே, மழையில் கரைந்த ஆஷஸ் டெஸ்ட்டுக்கு ஈடாக வைக்கப்பட்டதுதான். டெஸ்ட்டுக்கு வந்திருந்தவர்களே அதிலும் ஆடினார்கள். நல்ல ஆட்டக்காரன் எதிலும் நல்லவன் என்பது அன்றைய நம்பிக்கை.

1983-இல் அந்த நம்பிக்கையில் முதல் விரிசல் விழுந்தது, அதுவும் யாரும் திட்டமிடாமல். அந்த ஆண்டு உலகக் கோப்பையில் அதிக விக்கெட் எடுத்தவர் 18 விக்கெட் சாய்த்த ரோஜர் பின்னி. மதன்லால் 17. அரையிறுதி, இறுதி இரண்டிலும் ஆட்ட நாயகன் மொஹிந்தர் அமர்நாத். கொஞ்சம் மட்டை, கொஞ்சம் மிதவேகப் பந்து என்றிருந்த இவர்களைக் கச்சேரித் துக்கடா போலத்தான் பலரும் மதித்தார்கள். கோப்பையை இந்தியாவுக்கு வாங்கிக் கொடுத்தது அந்தத் துக்கடாக்கள்தான்.

அணியையே வெளிப்படையாக இரண்டாக உடைக்கும் துணிச்சல் ஆஸ்திரேலியாவிடமிருந்து வந்தது. 1997–98 பருவத்தில் டிரெவர் ஹான்ஸ் தலைமையிலான தேர்வுக்குழு, டெஸ்ட் கேப்டன் மார்க் டெய்லரையும் விக்கெட் கீப்பர் இயன் ஹீலியையும் ஒருநாள் அணியிலிருந்து நீக்கியது. ஒருநாள் கேப்டன் பதவி ஸ்டீவ் வாவுக்கும் கீப்பர் கையுறை ஆடம் கில்கிறிஸ்டுக்கும் போயின. பதவியில் இருக்கும் கேப்டனையே வேறொரு வடிவத்துக்குப் பொருந்தாதவர் என்று சொல்வது அப்போது பெரிய அதிர்ச்சி. டெய்லர் அடுத்த ஆண்டே பெஷாவர் டெஸ்ட்டில் 334 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார். ஸ்டீவ் வா 1999-இல் உலகக் கோப்பையைத் தூக்கினார். தேர்வுக்குழுவின் கணக்கு இரண்டு பக்கமும் பலித்தது.

ஆனால் எதை வைத்துப் பிரித்தார்கள்? வேகத்தை வைத்து. வேகமாக அடிப்பவன் ஒருநாளுக்கு, நிதானமாக ஆடுபவன் டெஸ்ட்டுக்கு. இந்த அளவுகோல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு மைக்கேல் பெவனும் வீரேந்திர சேவாக்கும் நல்ல சோதனை.

பெவன் 232 ஒருநாள் ஆட்டங்களில் 53.58 சராசரியில் 6,912 ரன் குவித்தவர். 1996 புத்தாண்டு நாளில் சிட்னியில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராகக் கடைசிப் பந்தை நேராக எல்லைக்கு அனுப்பி வென்றவர். அவர் காட்டடி அடிப்பவர் அல்ல. இடைவெளியில் தட்டிவிட்டு ஓடி, தேவையான ரன்னை வட்டிக்கணக்கு போலப் பிரித்துக் கட்டுபவர். வேகத்தை மட்டும் பார்த்தால் இவர் டெஸ்ட் மட்டையாளராகத்தான் இருந்திருக்க வேண்டும். 18 டெஸ்ட்டில் அவர் எடுத்ததோ 785 ரன், சராசரி 29.07.

சேவாக் எதிர்த் துருவம். ஒருநாள் அதிரடிக்காரர் என்ற பெயரோடு வந்தவர், 2001 நவம்பரில் புளூம்ஃபோன்டைனில் ஆறாவது ஆளாக இறங்கி முதல் டெஸ்ட்டிலேயே 105 ரன் எடுத்தார். அடுத்த கோடையில் லார்ட்ஸில் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பப்பட்டபோது 84. பிறகு முல்தானில் 309, சேப்பாக்கத்தில் 319. முடிவில் டெஸ்ட் சராசரி 49.34, ஒருநாள் சராசரி 35.05. அதிரடிக்காரருக்கு நீண்ட ஆட்டம்தான் வசதியான வீடாக இருந்திருக்கிறது.

இதற்கான விடை மைதானத்தில் ஆளில்லாத இடத்தில் இருக்கிறது. டெஸ்ட்டில் புதுப்பந்தோடு வரும் கேப்டன் மூன்று ஸ்லிப்பும் ஒரு கல்லியும் நிறுத்துவார். அத்தனை பேர் மட்டைக்குப் பின்னால் நின்றால் கவரும் எல்லைக் கோடும் காலியாகக் கிடக்கும். அந்தக் காலியிடம்தான் சேவாக்கின் சொத்து. ஒருநாள் ஆட்டத்தில் களம் விரிந்தபின் அதே அடிக்கு அங்கே ஒருவர் நின்றிருப்பார். பெவனுக்கு இது தலைகீழ். விரிந்த களம் அவருக்கு ஓவருக்கு ஐந்து ஒற்றை ரன்களை இனாமாகக் கொடுத்தது. டெஸ்ட்டில் அந்த ஆட்கள் நெருங்கி வந்து மட்டையைச் சுற்றி நிற்க, ஒருநாளில் பவுன்சருக்கு இருந்த கடும் கட்டுப்பாடும் இல்லாமல் போக, விலாவுக்கு எழும்பும் பந்து அவருடைய பலவீனத்தைத் திரும்பத் திரும்பத் தேடி வந்தது.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒருநாள் ஆட்டத்தில் 300 பந்துக்குப் பத்து விக்கெட், அதாவது விக்கெட்டுக்கு 30 பந்து. டி20-இல் 12 பந்து. டெஸ்ட்டில் அந்த வகுத்தலே கிடையாது. விக்கெட்டின் விலை மாறும்போது ஒரே அடி ஓரிடத்தில் சாமர்த்தியமாகவும் வேறிடத்தில் பொறுப்பின்மையாகவும் பெயர் பெறுகிறது. ஆட்டக்காரனின் சுபாவத்தை அளக்கிறோம் என்று தேர்வாளர்கள் பல ஆண்டு நினைத்திருந்தார்கள். அவர்கள் உண்மையில் அளந்தது இந்த விலையைத்தான்.

இந்தியாவில் முத்திரை குத்தும் பழக்கம் சற்றுக் கொடூரமாகவே நடந்தது. டிரினிடாடில் பிறந்து தமிழ்நாட்டுக்காக ரஞ்சி ஆடிய ராபின் சிங், 136 ஒருநாள் ஆட்டங்களில் இறங்கினார். டெஸ்ட் வாய்ப்பு ஒன்றே ஒன்று, 1998-இல் ஹராரேயில். மறுபக்கம் 134 டெஸ்ட் ஆடிய வி.வி.எஸ். லட்சுமணனுக்கு ஒரு உலகக் கோப்பை ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 2003 அணியில் அவரை விட்டுவிட்டு தினேஷ் மோங்கியாவைச் சேர்த்தது இன்றும் ஆறாத வாதம். மெதுவாக ஆடுகிறார் என்று ஒருநாள் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டிருந்த ராகுல் டிராவிட், 1999 உலகக் கோப்பையில் 461 ரன்னோடு எல்லோரையும் முந்தினார்.

2005 பிப்ரவரியில் ஆக்லாந்தில் தொடங்கிய ஆடவர் சர்வதேச டி20 இந்தக் குழப்பத்தை மும்முனையாக்கியது. 2009 ஜனவரியில் டேவிட் வார்னர், ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடாமலே ஆஸ்திரேலிய அணிக்கு வந்து 43 பந்தில் 89 ரன் அடித்தார். நீ டெஸ்ட்டில்தான் இன்னும் சிறப்பாக ஆடுவாய் என்று டெல்லி ஐ.பி.எல். அணியில் உடனிருந்த சேவாக் சொன்னதாகவும், அதைத் தான் நம்பவில்லை என்றும் வார்னர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். அவர் ஆடி முடித்தது 112 டெஸ்ட், 8,786 ரன். தேர்வாளர்களுக்கு முன்பே இதைக் கண்டவர், அதே வழியில் நடந்து வந்த ஒரு மட்டையாளர்!

சேவாக்கும் வார்னரும் வென்றதால் எல்லா அதிரடிக்காரரும் வெல்வார்கள் என்று முடிவு கட்டினால் அதற்கும் அடி விழும். 2015 உலகக் கோப்பையில் வங்கதேசத்திடம் தோற்று வெளியேறிய இங்கிலாந்து, வெள்ளைப் பந்துக்கென்று ஆள் தேடி 2019-இல் கோப்பையை வென்றது. அந்த வெற்றியின் நாயகர்களில் ஒருவரான ஜேசன் ராயை அதே கோடையில் ஆஷஸுக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார்கள். ஐந்து டெஸ்ட்டோடு கதை முடிந்தது, சராசரி 18.70. காலியிடம் கிடைத்தால் மட்டும் போதாது. அசையும் சிவப்புப் பந்தைத் தாண்டி அங்கே போய்ச் சேர வேண்டும்.

இந்தியா 2023 பிப்ரவரியில் நாக்பூரில் இதே சோதனையைச் செய்தது. அப்போதைய உலகின் முதல்நிலை டி20 மட்டையாளர் சூர்யகுமார் யாதவுக்கு அங்கே டெஸ்ட் தொப்பி கிடைத்தது. எடுத்தது 8 ரன், அதன்பின் டெஸ்ட் இல்லை. ரஞ்சியில் ரன் மலையாகக் குவித்துவிட்டு அந்த இடத்துக்குக் காத்திருந்த சர்ஃபராஸ் கான், ஓராண்டு கழித்து ராஜ்கோட்டில் முதல் டெஸ்ட்டிலேயே 62, ஆட்டமிழக்காமல் 68 என்று பதில் சொன்னார். உள்நாட்டு நான்கு நாள் ஆட்டத்தைத் தேர்வாளர்கள் இரண்டாம் சான்றாக வைத்ததற்கு நாக்பூரில் கொடுத்த விலை அது.

ஆனால் பிரிஸ்பேனை என்ன செய்வது? 2021 ஜனவரியில் அங்கே காயங்களால் நொறுங்கிப்போன இந்திய அணி, வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போயிருந்த சேலத்து நடராஜனையும், டி20 அணிக்காக வந்து தங்கிவிட்ட வாஷிங்டன் சுந்தரையும் டெஸ்ட்டில் இறக்கியது. முதல் இன்னிங்ஸில் இருவருக்கும் தலா மூன்று விக்கெட். சுந்தர் 62 ரன் எடுத்து ஷர்துல் தாக்கூரோடு ஏழாவது விக்கெட்டுக்கு 123 ரன் சேர்த்தார். திட்டமிட்டிருந்தால் இருவரையும் எந்தத் தேர்வுக்குழுவும் அந்த டெஸ்ட்டுக்கு எடுத்திருக்காது.

2025 ஐ.பி.எல்லில் நூறு பந்துக்கு 156 என்ற வேகத்தில் 759 ரன் குவித்து அதிக ரன்னுக்கான ஆரஞ்சுத் தொப்பி வாங்கிய சென்னைக்காரர் சாய் சுதர்சன், அதே ஜூனில் ஹெடிங்லியில் டெஸ்ட் அணிக்குள் வந்தார். முதல் இன்னிங்ஸில் பூஜ்யம், இரண்டாவதில் 30. அடுத்த டெஸ்ட்டில் இடமில்லை. ஜூலையில் மான்செஸ்டரில் திரும்ப அழைத்தார்கள். 151 பந்து நின்று 61 ரன் எடுத்தார்.