சோதனைக்கு எட்டாத தொற்று

ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் கூட்டங்கூட்டமாக மடிந்த தவளைகளின் தோலில் ஒரு நுண்பூஞ்சை இருந்ததை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. மறு ஆண்டே அது ‘பட்ராக்கோகைட்ரியம் டென்ட்ரோபாடிடிஸ்’ எனப் பெயர் பெற்றது. தவளை தன் உடலின் உப்புச் சமநிலையைத் தோல் வழியே பேணுகிறது. அத்தோல் பழுதுற்றால் இதயமே நின்றுவிடும்.

2004இல் ஆஸ்திரேலியாவில் உருவான நிகழ்நேர பி.சி.ஆர். முறை, பூஞ்சையின் டி.என்.ஏ.வை நுண்ணளவிலும் கண்டறிந்தது. தோலைப் பஞ்சுக்குச்சியால் வருடி எடுத்த மாதிரியே போதுமானதாயிற்று. உலகெங்கும் அதுவே அளவுகோலானது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இத்தொற்று 2011இல் பதிவாயிற்று. ஆனால் அங்கே தவளைகள் கொத்தாக மடியவில்லை. நோய்க்குறி வெளிப்படாத இடத்தில் ஆய்வகச் சோதனையே ஒரே சாட்சி. அச்சாட்சியிலும் குறை இருந்தது. இப்பூஞ்சையின் பூர்வீகம் கிழக்காசியா என்பதை 2018இல் மரபணு ஆய்வு உணர்த்தியது. ஆசிய வகைகள் மரபுவழியில் மிகவும் வேறுபட்டவை. பிற கண்டங்களின் கொள்ளைநோயை முன்வைத்து வகுத்த சோதனைக்கு அவற்றுள் சில தப்பக்கூடும்.

இக்குறையைக் களையவே ஐதராபாத்தின் செல், மூலக்கூறு உயிரியல் மையம் (சிசிஎம்பி) புதிய சோதனையொன்றை உருவாக்கி 2025இல் வெளியிட்டது. இந்தியா, ஆஸ்திரேலியா, பனாமா ஆகிய மூன்று நாடுகளின் மாதிரிகளிலும் அது பயன் தந்தது.

இதன் பொருள் வரலாற்றாய்வுக்கும் உரியது. ‘தொற்று இல்லை’ என்ற பழைய முடிவு ஒவ்வொன்றும் ஓடையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. அன்றைய கருவியின் எல்லையைப் பற்றிய செய்தியுமாகும். பாதுகாத்து வைக்கப்பட்ட மாதிரிகளை மீண்டும் சோதிக்காமல், இந்தியத் தவளைகள் தப்பின என்று எழுதுவதற்கில்லை.