யாருடைய ரோடு? நெய்யாற்றின்கரை தாலுகாவின் நடைக்கதை

டொரான்டோவில் இருப்பவர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகத் தெரிந்திருக்கும். புளூர் தெருவில் 2016-இல் சைக்கிளுக்கென்று தனிப்பாதை போட்டார்கள். 2024 நவம்பரில் ஒன்டாரியோ அரசு, கார்களுக்கு இடைஞ்சல் என்று சொல்லி, புளூர், யங், யுனிவர்சிட்டி ஆகிய மூன்று சாலைகளிலும் அந்தப் பாதைகளை எடுக்க ஒரு சட்டமே கொண்டு வந்தது. 2025 ஜூலையில் ஒரு நீதிபதி, அப்படி எடுப்பது மக்களின் உயிருக்கும் பாதுகாப்புக்குமான உரிமைக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. நம்ம ஆட்கள் கூடும் இடங்களில் இந்தப் பேச்சு வந்தால், "இவங்களுக்கு வேற வேலை இல்ல, ரோட்டுல யார் போனா என்ன?" என்று யாராவது சொல்லி விடுகிறார்கள்.

எனக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. நான் பிறந்தது பாறசாலை பக்கத்தில். ரோட்டில் யார் போகலாம் என்பதற்காகவே அடிதடி நடந்த தாலுகா எங்களுடையது. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்ததும், நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்று போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு முந்தைய ரோட்டுக் கதையை நம் வீடுகளில் யாரும் அதிகம் சொல்வதில்லை.

திருவிதாங்கூருக்கு அந்தக் காலத்தில் 'தர்ம பூமி' என்று ஒரு பெருமைப் பெயர் உண்டு. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீர் 1871-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு அதையே தலைப்பாக வைத்தார். உள்ளே அவர் தரும் கணக்கு வேறு மாதிரி. பிராமணரிடமிருந்து நாடார் 36 காலடி தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 காலடி தள்ளி நிற்க வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ரோட்டின் அகலமே அவ்வளவு இருக்காது. எதிரே ஒருவர் வந்தால் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கித் தான் நிற்க முடியும். சந்தைக்கு எத்தனை நாழிகை நடை என்பது தூரத்தைப் பொறுத்ததல்ல, எதிரே வருவது யார் என்பதைப் பொறுத்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. பொதுச் சாலைகள் எல்லா சாதிக்கும் பொது என்று திருவிதாங்கூர் அரசு 1865-லேயே உத்தரவு போட்டது. 1884-இல் அதையே மறுபடியும் உறுதி செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் அதற்கு ஒரு வியாக்கியானம் கிடைத்தது: ராஜவீதி வேறு, கிராமவீதி வேறு, உத்தரவு ராஜவீதிக்கு மட்டும் தான். ராஜவீதியிலாவது நடக்க விட்டார்களா என்றால் அதுவும் இல்லை.

1893-இல் அய்யன்காளிக்கு முப்பது வயது. அவருடைய ஊரான வெங்கானூர் அப்போது நெய்யாற்றின்கரை தாலுகாவில் இருந்தது. பள்ளிக்கூடம் போகாத, வயல் வேலை செய்த குடும்பத்துப் பிள்ளை. சொந்தமாக ஒரு வில்வண்டி வாங்கி, மேல்சாதியினர் உடுத்துவது போல் உடுத்தி, தடுக்கப்பட்ட ரோட்டில் ஓட்டிக் கொண்டு போனார். 1898-இல் தன் ஆட்களைத் திரட்டி ஆறாலுமூடு சந்தைக்கு நடந்தார். வழியில் பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரிய கைகலப்பு. பாலராமவர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து கூட்டி வந்து குடியேற்றிய நெசவாளர்களின் தெரு அது. பாலராமபுரம் கைத்தறி வேட்டி கட்டுகிற நாம் இதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1900 வாக்கில் பெரும்பாலான ரோடுகளில் புலையர்கள் நடக்க முடிந்தது. கோயிலுக்குப் போகும் ரோடுகள் மட்டும் பாக்கி.

ரோடு கிடைத்ததும் அடுத்தது என்ன? பள்ளிக்கூடம். 1907-இல் சாதுஜன பரிபாலன சங்கத்தை ஆரம்பித்த அதே அய்யன்காளி, பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். பள்ளிக்கே தீ வைத்தார்கள். நடக்க வழி இல்லாதவனுக்குச் சந்தையும் இல்லை, படிப்பும் இல்லை, கூலி பேசும் பலமும் இல்லை. ரோடு தான் முதல் படி.

பாக்கி இருந்த கோயில் ரோட்டுக்காக 1924 மார்ச் 30-இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் வந்து இரண்டு முறை சிறை போனார். 1925-இல் கோயிலைச் சுற்றிய நான்கு ரோடுகளில் மூன்று திறந்தன. கோயிலுக்குள் போகும் போராட்டம் இல்லை அது, வெறும் நடப்பதற்கான போராட்டம்.

சைக்கிளுக்கும் இப்படி ஒரு சரித்திரம் நம்மிடம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. முதலில் கேலி பேசினார்கள். ஆனால் பஸ்ஸுக்கும் வீட்டு ஆணுக்கும் காத்திருந்த பெண்கள் தண்ணீர் எடுக்கவும், சரக்கு விற்கவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் தாங்களே போய் வந்தார்கள்.

நான் வங்கிக்காரன், எதையும் பற்று வரவாகப் பார்க்கிற பழக்கம். ரோடு எல்லோருடைய வரிப்பணத்திலும் போடுவது. அதில் அதிக இடம் எடுப்பது கார். காரே இல்லாத ஆச்சியும் கூலிக்காரரும் பள்ளிப் பிள்ளையும் ஓரத்து மண்ணில் ஒதுங்கி நடக்கிறார்கள். இன்று யாரும் 96 காலடி கணக்குச் சொல்வதில்லை, ஹாரன் அடித்தால் ஒதுங்குகிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன், அது பட்ட அவமானத்தைச் சிறுமைப்படுத்துவதாகும். ஆனால் 'பொது' என்று எழுதி வைத்த ரோடு யாருக்குப் பொது என்ற கேள்வி அப்படியே தான் இருக்கிறது.

கோவை எலும்பு மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடையில்லாத நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேர்ந்தது என்று சொன்னது. நல்ல வார்த்தை. 1865 உத்தரவும் நல்ல வார்த்தை தான். அது ரோட்டுக்கு வந்து சேர முப்பது வருஷமும் ஒரு வில்வண்டியும் தேவைப்பட்டன.

கரமனையிலிருந்து களியக்காவிளை வரை ரோட்டை நான்கு வழியாக்கும் வேலை பல வருஷமாகத் துண்டு துண்டாக நடக்கிறது. அடுத்த லீவில் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சியில் தெற்கே போகும்போது, பாலராமபுரமும் ஆறாலுமூடும் வரும். அங்கே வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லி விட்டு, ரோட்டோரம் நடப்பவர்களுக்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.