ரெட் (2010 திரைப்படம்)

ரெட், 2010-இல் வெளியான அமெரிக்க அதிரடி நகைச்சுவைத் திரைப்படம். சி.ஐ.ஏ.விலிருந்து ஓய்வுபெற்ற உளவாளிகளை ஒழித்துக்கட்ட ஆட்கள் ஏவப்படுவதும், அந்த முதியவர்கள் மீண்டும் ஒன்றுகூடி எதிர்த்து நிற்பதும் இதன் கதை. வாரன் எல்லிஸ் எழுதி, கல்லி ஹாம்னர் வரைந்த காமிக்ஸைத் தழுவி ராபர்ட் ஷ்வென்ட்கே இயக்கினார். ‘ஓய்வுபெற்றவர், மிகவும் ஆபத்தானவர்’ என்ற கோப்புக் குறிப்பின் ஆங்கிலச் சுருக்கமே படத்தின் பெயர்.

மூலக் காமிக்ஸ்

டிசி காமிக்ஸின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு இக்கதையை 2003–2004-இல் மூன்று இதழ்களாக வெளியிட்டது. நாயகன் பால் மோசஸ் தனியாக வாழும் முன்னாள் கொலையாளி. புதிதாகப் பொறுப்பேற்ற சி.ஐ.ஏ. இயக்குநர், அரசுக்காக மோசஸ் செய்தவற்றின் பதிவுகளைக் கண்டு அதிர்ந்து, அவனைக் கொல்ல உத்தரவிடுகிறார். தேடி வந்தவர்களை வீழ்த்திய மோசஸ், உத்தரவிட்டவர்களை நோக்கிப் புறப்படுகிறான். சிரிப்புக்கு இடமில்லாத, குருதி தோய்ந்த குறுங்கதை அது. தன் ஏவலில் நடந்த கொடுமைகளை அரசு எப்படிக் கைகழுவுகிறது என்பதே அதன் மையக் கேள்வி.

திரைக்கதை

ஜான் ஹோபர், எரிக் ஹோபர் சகோதரர்கள் இச்சிறு கதையைப் பெரிதும் விரித்தனர். பால், ஃபிராங்க் மோசஸ் ஆனான். முதியோர் இல்லத்தில் வாழும் ஜோ, அரசு பல ஆண்டுகள் போதைமருந்து கொடுத்துச் சோதித்ததால் எவரையும் நம்பாத மார்வின், துப்பாக்கி சுடுவதை விட முடியாத விக்டோரியா ஆகியோர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர். ஓய்வூதிய அலுவலகத்தில் வேலை செய்யும் சாராவிடம் பேசுவதற்காகவே ஃபிராங்க், வரும் காசோலைகளைக் கிழித்துவிட்டு, பணம் வரவில்லை என்று தொலைபேசியில் அழைக்கிறான்.

குற்றத்தின் இடமும் மாறியது. காமிக்ஸில் மோசஸின் கடந்த காலமே அவனுக்கு எமனாகிறது. படத்திலோ, 1981-இல் குவாத்தமாலாவில் நடந்ததாகக் காட்டப்படும் படுகொலையை மறைக்கத் துணை அதிபர் சாட்சிகளை அழிக்கிறார். இதனால் மூலத்தின் கசப்பு தணிந்தது. வயதானவர்களைப் பயனற்றவர்களாக ஒதுக்கும் உலகத்துக்குப் பதில் சொல்லும் உற்சாகமான படம் கிடைத்தது.

தயாரிப்பு

லொரென்சோ டி போனவென்சுரா, மார்க் வரேடியன் தயாரித்தனர். டொரொன்டோவிலும் நியூ ஆர்லியன்ஸிலும் படப்பிடிப்பு நடந்தது. புரூஸ் வில்லிஸ், மோர்கன் ஃப்ரீமன், ஜான் மல்கோவிச், ஹெலன் மிர்ரன், மேரி-லூயிஸ் பார்க்கர், கார்ல் அர்பன், பிரையன் காக்ஸ் ஆகியோர் நடித்தனர். சி.ஐ.ஏ.வின் ரகசிய ஆவணக் காப்பாளராக வந்த எர்னஸ்ட் போர்க்னைனுக்கு அப்போது தொண்ணூறு வயதைத் தாண்டியிருந்தது. ஆஸ்கர் வென்ற மூத்த கலைஞர்களுக்குத் தாத்தா, பாட்டி வேடங்களைக் கொடுத்து ஓரத்தில் நிறுத்தாமல் சண்டையின் நடுவே இறக்கிவிட்டதே படத்தின் பெரும் பலம்.

வெளியீடும் தொடர்ச்சியும்

சம்மிட் என்டர்டெயின்மென்ட் 2010 அக்டோபர் 15 அன்று அமெரிக்காவில் வெளியிட்டது. சுமார் 5.8 கோடி டாலரில் உருவான படம் உலகெங்கும் ஏறத்தாழ 20 கோடி டாலர் ஈட்டியது. இசை அல்லது நகைச்சுவைப் பிரிவில் சிறந்த படத்துக்கான கோல்டன் குளோப் பரிந்துரையும் பெற்றது.

டீன் பாரிசாட் இயக்கிய ‘ரெட் 2’ 2013-இல் வந்தது. ஆன்டனி ஹாப்கின்ஸ், கேத்தரின் ஸீட்டா-ஜோன்ஸ், லீ பியுங்-ஹுன் இணைந்தும் வசூல் முதல் படத்தை எட்டவில்லை. டிசியின் பெயரைச் சொன்னதும் நினைவுக்கு வரும் மீநாயகர்கள் எவரும் முதல் படத்தில் இல்லை. முன்கதையோ பின்கதையோ தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. அந்தத் தனித்த முழுமையால்தான், காமிக்ஸை அறியாதவர்களும் அதை எளிதில் ரசிக்க முடிகிறது.