ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்

எமானுவேல் கிபேர் என்ற பிரெஞ்சு ஓவியர் 1994ல் இல் டி ரே என்ற தீவில் ஒரு வயதான அமெரிக்கரிடம் வழி கேட்டார். அந்த மனுஷர் பெயர் ஆலன் இங்கிரம் கோப். இரண்டாம் உலகப் போரில் சாதாரணச் சிப்பாயாக இருந்தவர், போருக்குப் பிறகு பிரான்ஸிலேயே தங்கிவிட்டவர். வழி கேட்டதில் ஆரம்பித்த பழக்கம் ஐந்து வருஷம் நீடித்தது. கோப் பேசப் பேச கிபேர் ஒலிநாடாவில் பதிவு செய்துகொண்டார், பிறகு வரைந்தார். 1999ல் கோப் இறந்தார். அடுத்த வருஷம் ‘ஆலனின் போர்’ முதல் பாகம் வந்தது.

படித்தவர்களுக்குத் தெரியும், அந்தப் புத்தகத்தில் போர் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கோப் பிரான்ஸில் இறங்கியது 1945 பிப்ரவரியில். சண்டை ஏறக்குறைய முடிகிற நேரம். பயிற்சி முகாம், காத்திருப்பு, டாங்கிக்குள் நெருக்கியடித்து உட்கார்வது, கூட இருந்த பையன்கள். யாரோடு என்ன பேசினார், யார் எந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார், பிறகு யாரோடு கடிதம் நின்றுபோனது. இவ்வளவுதான். ஆனால் கீழே வைக்க முடியாது. கிபேர் பல கட்டங்களில் பின்னணியை அப்படியே வெள்ளையாக விட்டுவிடுவார். ஞாபகத்தில் இல்லாததை அவர் வரைவதில்லை.

ஜப்பான் பக்கத்திலிருந்து ஷிகேரு மிசுகி. நியூ பிரிட்டன் தீவின் ரபாவுலில் சிப்பாயாக இருந்து இடது கையை இழந்து திரும்பியவர். ஒரே கையால் வரைந்து ஜப்பானின் பெரிய மங்கா கலைஞர்களில் ஒருவரானார். 1973ல் வந்த அவருடைய போர்க்கதையில் சிப்பாய்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அதிகாரியிடம் அறை வாங்குகிறார்கள், வயிற்றுப்போக்கில் தவிக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிறவன் செத்ததும் அவன் பங்கு யாருக்கு என்று யோசிக்கிறார்கள். கதையில் தொண்ணூறு சதவீதம் நிஜம் என்று அவரே பின்னுரையில் சொல்லியிருக்கிறார். அதே ரபாவுலுக்குத்தான் சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலரையும் ஜப்பானியர்கள் கப்பலில் கொண்டுபோய் வேலை வாங்கினார்கள். அவர்களை வரைய ஒரு மிசுகி இல்லை.

சரி, இதற்கும் தஞ்சாவூருக்கும் என்ன சம்பந்தம்?

பட்டுக்கோட்டை வட்டாரத்துக்குப் போகவேண்டும். தஞ்சாவூர் என்றதும் எல்லோரும் கோயிலையும் வயலையும் நினைப்போம். ஆனால் பட்டுக்கோட்டைப் பக்கம் ரொம்ப காலம் டெல்டாவின் புறம்போக்கு மாதிரிதான் இருந்தது. 1934ல் மேட்டூர் அணையும் கூடவே கல்லணைக் கால்வாயும், ஊர்க்காரர்கள் பாஷையில் புதாறு, வந்த பிறகுதான் அங்கே காவிரித் தண்ணீர் ஒழுங்காகப் பாய்ந்தது. அதற்கு முன்னால் மழையை நம்பிய புஞ்சை, ஏரி, குளம். பஞ்சம் என்றால் கப்பல். நாகப்பட்டினம் பக்கத்தில்தான் இருந்தது. அங்கிருந்து பினாங்கு, அப்புறம் ரப்பர் தோட்டம், இல்லாவிட்டால் சிங்கப்பூர்த் துறைமுகம். 1926ல் கட்டின ‘ரஜூலா’ கப்பலின் பெயர் இந்தப் பக்கத்துக் கிழவர்கள் வாயில் ஏதோ உறவுக்காரி பெயர் மாதிரி வரும். கங்காணி வந்து ஆள் திரட்டுவார், முன்பணம் கொடுப்பார். அந்தக் கடன் தோட்டம் வரைக்கும் கூடவே வரும். 1938ல் உடலுழைப்பாளர்களை அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதற்குள் போனவர்கள் போய்விட்டார்கள்.

அப்படிப் போனவர்களில் ஒருவர் தம்பிக்கோட்டை கணபதி. சின்ன வயதிலேயே சிங்கப்பூர் போய்விட்டார். இன்னொருவர் வாட்டாக்குடியைச் சேர்ந்த வெங்கடாசலம். அவரும் பையனாக இருக்கும்போதே கப்பல் ஏறியவர். அங்கே அடித்த சுயமரியாதைக் காற்றில் புராண வில்லன் பெயரை எடுத்து வைத்துக்கொண்டு இரணியன் ஆனார். இரண்டு ஊருக்கும் நடுவே சைக்கிளில் போய்விடலாம். ஆனால் இருவரும் சேர்ந்த களம் கடலுக்கு அந்தப் பக்கம்.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. இந்தியச் சிப்பாய்களை ஃபாரர் பார்க்கில் கூட்டிவைத்து ஜப்பானியர்களிடம் ஒப்படைத்தார்கள். மோகன் சிங் தலைமையில் முதல் இந்திய தேசிய ராணுவம் உருவாகி, சில மாதங்களில் கலைந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் வந்து சேர்ந்த பிறகு கதை மாறியது. இப்போது கைதிச் சிப்பாய்கள் மட்டும் போதாது, மலேயாவில் இருந்த சாதாரண இந்தியர்களும் வேண்டும் என்றார். அந்தச் சாதாரண இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தோட்டத்துத் தமிழர்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். பிரிட்டிஷ் ராணுவம் தமிழனைச் சண்டைக்கு லாயக்கில்லாதவன் என்று ஒதுக்கிப் பல காலம் ஆகியிருந்தது. ‘போர்க்குணமுள்ள இனங்கள்’ என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு பஞ்சாபிலும் நேபாளத்திலும் ஆள் எடுத்தார்கள். மதறாஸ் படைப்பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. தோட்டத்தில் துரை ‘கூலி’ என்றுதான் கூப்பிடுவார். அந்தக் கூலி கையில் துப்பாக்கி கொடுத்து, கால்சட்டை மாட்டி, நிமிர்ந்து நில் என்று சொன்னது ஐ.என்.ஏ. அதன் ராணுவத் திறமை பற்றி ஆயிரம் விமரிசனம் வைக்கலாம். இம்பாலில் அது ஜெயிக்கவில்லை. ஆனால் நிமிர்ந்து நில் என்று ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது சின்ன விஷயமில்லை.

எல்லோரும் தேசபக்தியால் சேர்ந்தார்கள் என்று எழுதுவது வழக்கம். நான் அப்படி எழுதமாட்டேன். ஜப்பானியர் ஆட்சியில் ரப்பர் விலைபோகவில்லை, தோட்டங்கள் பாழாய்க் கிடந்தன, அரிசி கிடையாது. இன்னொரு பக்கம் சயாம்–பர்மா ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 415 கிலோமீட்டர் மரண ரயில் என்று பிற்பாடு பெயர் வாங்கிய அந்தப் பாதையில் தமிழர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். ராணுவத்தில் பெயர் கொடுத்துவிட்டால் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகமாட்டார்கள். சோறும் கிடைக்கும். பசியில் சேர்ந்தவன், பயத்தில் சேர்ந்தவன், போஸின் பேச்சைக் கேட்டுக் கண்ணீர் விட்டுச் சேர்ந்தவன் எல்லோரும் ஒரே கொட்டகையில் படுத்தார்கள். காரணங்கள் கலந்து கிடப்பதால் அவர்கள் சிநேகிதம் ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த முகாம்களில் ஒரு விதி இருந்தது: பொதுச் சமையல், பொதுப் பந்தி. பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சாதிக்கும் மதத்துக்கும் ஏற்ப சமையலறை, தண்ணீர்ப் பானை எல்லாம் தனித்தனி. ஐ.என்.ஏ. அதை எடுத்துவிட்டது. சீக்கியரும் முஸ்லிமும் தமிழரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள் என்று பாடப்புத்தகத்தில் வரும். பாடப்புத்தகத்தில் வராதது ஒன்று உண்டு. தமிழனும் தமிழனும் ஒன்றாகச் சாப்பிட்டதுதான் பெரிய விஷயம். தஞ்சாவூர்க்காரனுக்குப் பஞ்சாபிக்குப் பக்கத்தில் உட்காருவதில் என்ன சங்கடம் இருக்கமுடியும்? தன் ஊர்ச் சேரியிலிருந்து வந்தவன் தட்டுக்குப் பக்கத்தில் தன் தட்டை வைப்பதில்தான் அவனுக்குப் பரீட்சை.

ஏனென்றால் ஊரில் நிலவரம் வேறு. அந்த நாற்பதுகளில் கீழத்தஞ்சைப் பண்ணைகளில் பள்ளர், பறையர் சமூகத்துப் பண்ணையாள்கள் மிராசுதாரரை ‘ஆண்டே’ என்று கூப்பிடவேண்டும். டீ என்றால் சிரட்டையில். வேலையில் குறை என்றால் சவுக்கடி, அதற்கு மேல் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. சாணிப்பால் என்று அதற்குப் பெயர், பால் என்ற சொல்லை இப்படியும் கெடுக்கமுடியும் என்று அப்போதுதான் தெரிகிறது. பி. சீனிவாசராவ் கன்னட தேசத்திலிருந்து வந்து, தமிழை இங்கேயே கற்றுக்கொண்டு, 1943லிருந்து விவசாயச் சங்கத்தைக் கட்டிக்கொண்டிருந்தது இந்தக் கொடுமைகளுக்கு எதிராகத்தான்.

மலேயாவில் சேர்ந்த சிப்பாய்களில் பலர் பர்மா எல்லையைப் பார்க்கவேயில்லை. பயிற்சி, அணிவகுப்பு, ‘இத்திஹாத், இத்மாத், குர்பானி’ என்று ஒற்றுமை–நம்பிக்கை–தியாகத்தை உருதுவில் கத்துவது, ஹிந்துஸ்தானிக் கட்டளை புரியாமல் இடதுபக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வலதுபக்கம் திரும்புவது. அப்படியே 1945 ஆகஸ்ட் வந்துவிட்டது. ஆலன் கோப்பின் போர் மாதிரியேதான். தமிழில் இந்த உலகத்தைத் தொட்ட பெரிய படைப்பு ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. ஆனால் அது பாண்டியன் என்ற தனியன் கதை, பந்தியின் கதையில்லை.

போர் முடிந்தது. சிங்கப்பூரில் கடற்கரையோரம் ஐ.என்.ஏ. வீரர்களுக்குக் கட்டிய நினைவுச்சின்னத்தை மவுண்ட்பேட்டன் ஆணையின் பேரில் இடித்துப்போட்டார்கள். சிப்பாய்கள் தோட்டத்துக்குத் திரும்பினார்கள். மறுபடி அதே துரை, அதே ‘கூலி’. நிமிர்ந்து நிற்கப் பழகியவனுக்கு இது ஒத்துவருமா? மலேயாவில் 1945க்குப் பிறகு தொழிற்சங்கங்கள் வெடித்து எழுந்ததில் பழைய ஐ.என்.ஏ. ஆட்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஐ.என்.ஏ.யில் பயிற்சியாளராக இருந்த கணபதி அகில மலேயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் அவசரநிலை அறிவித்தார்கள். சங்கம் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் ரவாங் அருகே துப்பாக்கியோடு பிடிபட்டார் என்று வழக்கு. இந்திய அரசு தலையிட்டுக் கேட்டுப் பார்த்தது. மே 4ம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கில் போட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் அவருடைய சங்கத் தோழர் வீரசேனனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அதே காலத்தில் இதே மாதிரி ஆயுத வழக்கில் மரண தண்டனை பெற்ற சாம்பசிவம் என்பவரை லண்டன் ப்ரிவி கவுன்சில் 1950ல் விடுதலை செய்தது. கணபதிக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

இரணியன் அதற்குள் ஊர் திரும்பியிருந்தார். பட்டாளத்தில் இருந்தவர், சிங்கப்பூர் பார்த்தவர். வந்தவர் நிலபுலன் வாங்கி உட்காரவில்லை, பண்ணையாள்களோடு போய் நின்றார். கூலி உயர்வு, குத்தகை நியாயம் என்று சங்கம் கேட்டதெல்லாம் தாளில் எழுதினால் ரொம்ப சாதாரணமான கோரிக்கைகள். ஆனால் மிராசுதாரர்களுக்குக் கோபம் வந்தது வேறு விஷயத்துக்கு என்று நினைக்கிறேன். சங்கத்தில் ஒருவரை ஒருவர் ‘தோழர்’ என்றார்கள். தோழன் என்ற பழைய சொல்லுக்கு மரியாதை விகுதி போட்டது, அவ்வளவுதான். ஆண்டே என்று கூப்பிட்டவன் வாயில் அது வந்தபோது அதற்குள் பந்தியும் இருந்தது, நிமிர்ந்து நிற்பதும் இருந்தது. இன்றைக்கும் டெல்டாவில் டீக்கடையில் ‘தோழர், ஒரு நிமிஷம்’ என்று சர்வசாதாரணமாகக் காதில் விழும். பாதிப் பேருக்கு எந்தக் கட்சியும் இருக்காது.

1948லிருந்து கம்யூனிஸ்டுகள் மீது வேட்டை. இரணியன் தலைமறைவானார். 1950 மே மாதம் ஜாம்பவானோடை சிவராமனைச் சுட்டார்கள். மே 5ம் தேதி வடசேரிப் பக்கம் இரணியனைச் சுற்றிவளைத்தார்கள். கணபதியைத் தூக்கிலிட்டு ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. அப்போது இரணியனோடு இருந்தவர் ஆம்பலாப்பட்டு ஆறுமுகம். இயக்கத்துக்காரர்கள் தலைமுறையாகச் சொல்லிவருகிற கதை இது: போலீஸ் தேடியது இரணியனைத்தான். ஆறுமுகத்தை விலகிப் போகச் சொன்னார்கள். அவர் போகமாட்டேன் என்று இரணியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இருவரையும் சேர்த்துச் சுட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1952ல், ராஜாஜி அரசு தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சவுக்கடி தூக்குமேடை எல்லாம் பார்த்த பிறகு ஒரு சட்டம். அந்த 1950 மே மாதம் பக்கத்துச் செங்கப்படுத்தான்காட்டில் கல்யாணசுந்தரம் என்று இருபது வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பிற்காலத்தில் அவன் சினிமாவுக்கு எழுதியதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வடசேரிதான் ஞாபகம் வரும். இது என் பித்து, ஆதாரம் கேட்காதீர்கள்.

இரணியனுக்கு நினைவுச்சின்னம் உண்டு, புத்தகங்கள் உண்டு, 1999ல் முரளி நடித்து ‘இரணியன்’ என்று படமே வந்தது. எல்லாவற்றிலும் தியாகி இருக்கிறார். முஷ்டியை உயர்த்திய சுவரொட்டி முகம். ஆறுமுகம் அந்தக் கடைசி நிமிஷத்தில் மட்டும் வருகிறார், கட்டிப்பிடிக்கிறார், சாகிறார். அந்த நிமிஷத்துக்கு முன்னால் அவருக்கு வாழ்க்கையே இல்லாத மாதிரி. தியாகி வரலாற்றில் இது ஒரு பெரிய குறை. சாவு எல்லாக் கட்டத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஒருவன் இன்னொருவனுக்காக நின்றான் என்றால் அதற்குப் பின்னால் நூறு சில்லறை நாட்கள் இருந்திருக்கவேண்டும். பீடி பகிர்ந்தது, கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தது, ஒளிந்திருந்த வீட்டில் கிழவி ஊற்றிய நீராகாரம்.

அதனால்தான் கிபேரின் வழி எனக்குப் பிடிக்கிறது. ஞாபகம் இல்லாத இடத்தில் அவர் வெள்ளையை விட்டுவிடுகிறார், ஆனால் ஆளை விடுவதில்லை. இந்தக் கதையைப் படமாக வரையப்போகிற யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால் வடசேரியில் ஆரம்பிக்காதீர்கள். நாகப்பட்டினத்தில், ரஜூலாவின் மேல்தட்டில், மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையன்களிடமிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் முகாம். நீளமான கீற்றுக்கொட்டகை, வரிசையாகத் தகரத் தட்டுகள். பக்கத்தில் இருக்கிறவன் யார், எந்தத் தெரு என்று தெரிந்துகொண்ட ஒருவன் தன் தட்டை ஒரு கணம் தள்ளி வைக்கலாமா என்று யோசிக்கிறான். அவன் கையை மட்டும் ஒரு முழுப் பக்கத்துக்கு வரையுங்கள்.